ஜாபஸின் கட்டைவிரல்

"இன்னாம்மா, பாட்டையே காணோம்? டம்மு டம்முனு அடிச்சிக்கினு கீது!" என்று, கரண்ட் லைன் கொடுக்க வந்த அழகேசன் கேட்டபோது ஸ்வீட்லினுக்குச் சிரிப்புதான் வந்தது.

"இது டப்பு, அண்ணாத்தே. பாட்டுல இருந்து குரலை உருவிட்டு ட்ரம்மையும் அடியில அதிர்ற பேஸையும் மட்டும் உடுவோம். நடுவுல ஒரு சொல் வந்து எக்கோ அடிச்சிட்டுப் பூடும்."

"துணியெல்லாம் உருவிக்கினு கொடிய மட்டும் காட்ற மாரி!"

"அதேதான்!"

கோவில்பதாகையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுவிழா. ஆறு மணிக்கு நிகழ்ச்சி. இப்போது நாலுதான் ஆகியிருந்தது. அயனம்பாக்கம் சர்ச்சில் ஒரே கொயரில் பாடி வளர்ந்த ஸ்வீட்லினும் ஜாபஸும் ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ்களைத் தாங்களே பலகை அறுத்துப் பூட்டி, 'ஏரிக்கரை சவுண்ட்' என்று பெயர் வைத்து, ஜமைக்காவின் ரெகே பாட்டுப் போட ஆரம்பித்து ஆறு வருடம். அவள் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் நிற்பாள். அவன் மைதானத்தின் கடைசி மூலைக்குப் போய்க் கேட்பான். கையை மேலே ஆட்டினால் குரலை ஏற்ற வேண்டும். கட்டைவிரல் காட்டினால் எல்லாம் சரி. முதலில் பாட்டை முழுசாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். உருவுகிற வேலையெல்லாம் அப்புறம்தான்.

அப்புறம்தான்! ஸ்வீட்லினுக்குத் திக்கென்றது. அவள் இன்னும் எதையும் உருவவே இல்லையே. ஒரு காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். அதில் கணீரென்று பாடிக்கொண்டிருந்த குரல் வெளியே இல்லை. குரல் வரும் மேல் பாக்ஸுக்குப் போகும் ஒயர் பிடுங்கிக்கொண்டு தரையில் கிடந்தது.

தூரத்தில் ஜாபஸ் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு நின்றான்.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒயரைச் சொருகினாள், குரல் பீறிட்டது. கட்டைவிரல். மறுபடி பிடுங்கினாள். அதே கட்டைவிரல், அதே சிரிப்பு.

வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"ஜாபஸ்!"

அவன் திரும்பவில்லை.

"டேய் ஜாபஸ்!"

தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். "சூப்பரா கீது ஸ்வீட்டு! குரல் சும்மா தேன் மாரி வருது."

"குரலே வரலடா."

அவள் உதட்டையே பார்த்தவனின் முகம் வெளுத்தது.

"எத்தினி நாளா கேக்கல?"

"ஈஸ்டர்ல இருந்து." தலை குனிந்தான். "பேஸ் நெஞ்சுல அடிக்குது, அது தெரியுது. மேல இருக்கறது எதுவும் வரல."

கன்னத்தைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா பாக்ஸ் கிட்டயே உட மாட்டியே. இத்த உட்டா எனக்கு வேற இன்னா கீது?"

"அப்ப மாங்காட்டு ப்ரோக்ராமுல? ஏத்து ஏத்துனு கைய ஆட்டுனியே!"

ஸ்வீட்லினுக்குக் கண்ணெதிரே மாங்காட்டுக் கூட்டம் வந்தது. முன்வரிசையில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டதும், கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்து ஓடியதும். இந்தப் பாட்டு இவங்களுக்குப் பழக்கமில்லை என்று அவள் அன்றைக்குச் சிரித்திருந்தாள்.

"எனக்குக் கேட்டுதுடா," என்றாள். "காது கிழியுதுனு எனக்கே கேட்டுது. நீ சொன்னன்னு ஏத்துனேன்."

"இன்னிக்கு ஒரு தபா உட்ரு, ஸ்வீட்டு. ஜனம் வந்துரும்."

அவள் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். பேஸ் நின்றது. நெஞ்சில் கையை வைத்தபடி ஜாபஸ் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏன் நிறுத்துன?" தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் கத்திய கத்தலில் அழகேசன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா ஆச்சு? அப்ப ப்ரோக்ராமு?"

"இல்ல அண்ணாத்தே. ஃப்ளாட்காரங்க கிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றாள். பிறகு ஜாபஸைப் பார்த்து, "காலைல காது டாக்டரு. அவரு சொன்ன பொறவுதான் பாக்ஸ் பக்கம் வருவ," என்றாள்.

வழக்கமாக, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவன் உடனே தலையாட்டிவிடுவான். இப்போது ஆட்டவில்லை. கண் கலங்க அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு தபா சொல்லு," என்றான். "கேக்கல."