பாரம் ஏற்றிப் பொருத்திய கதவு

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர் இக்னேசியஸ். மனைவி பவுலினுக்குத் தலைப்பிரசவ வலி கண்ட அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டியில்லை; கொழுந்து ஏற்றப் போன தோட்டத்து லொறி திரும்பி வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்தவர், "இனி எந்த வண்டிக்கும் காத்துக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றார். துக்கத்தில் பேசுகிறார் என்றுதான் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, தீப்பிடித்த ஆஸ்டின் காரை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார். மேல்கூடு முழுக்கக் கருகிவிட்டது. அடிச்சட்டமும் இஞ்சினும்தான் மிச்சம். இக்னேசியஸ் அதை விறகுக் கொட்டிலுக்கு இழுத்து வந்து இஞ்சினை ஓடவைத்தார். மரத்தில் கூடு கட்டினார். ஹட்டனில் வாங்கிய தகரத்தை மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டி வளைத்து, பொனட், மட்கார்ட், கதவு என்று ஒவ்வொன்றாகப் பூட்டினார். அதற்குள் பவுலின் மறுபடியும் மாசமாகியிருந்தாள்.

கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக இருந்தது. தேயிலைப் பெட்டித் தகரத் துண்டொன்றை விட்டு இழுத்துப் பார்த்தார், எங்கும் உரசவில்லை.

"ஏறி உக்காரு பவுலின்."

அவள் ஏறியதும் தானும் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். மேல்மூலை கிறீச்சென்று கடித்தது. திரும்பத் திறக்க வரவில்லை. தோளால் முட்டினார், உதைத்தார், அசையவில்லை. கடைசியில் இன்னும் கண்ணாடி மாட்டாத முன்பக்கத்தால் தவழ்ந்து இறங்கிப்போய், கீல் ஆணியைக் கழற்றித்தான் அவளை இறக்கினார்.

"வலியோட இருக்கறப்ப இப்படி ஆச்சுன்னா என்னாங்க பண்றது?" என்றாள் பவுலின்.

அவருக்கு முகம் செத்துவிட்டது. கதவை மறுபடி மாட்டினார். இப்போது வழுக்கிக்கொண்டு போய்ச் சாத்திக்கொண்டது! அப்போதுதான் விளங்கிற்று: ஆள் பாரத்தில் அடிச்சட்டம் நடுவில் தொய்கிறது, கூடு மேலே நெருங்கிக் கதவைப் பிடிக்கிறது. வெறும் வண்டியில் எடுத்த அளவு எதற்கு ஆகும்? கூட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.

"பாரம் ஏத்தி வச்சுத்தான் இதப் பூட்டணும்."

கொட்டில் வாசலில் லொறி டிரைவர் செல்லசாமி நின்றிருந்தான். முதல் பிள்ளை போன அன்று, கொழுந்தை இறக்காமல் வரக்கூடாது என்ற தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் பேச்சை மீறத் துணியாதவன் அவன்தான். அதற்குப்பின் இக்னேசியஸ் முகத்தை அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"நான் உக்காரட்டுமா அண்ணே?"

இக்னேசியஸ் முன்சீட்டில் கிடந்த சாமான்களை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "ஆடாம உக்காரணும்" என்றார்.

செல்லசாமி முன்னால் உட்கார்ந்தான். பின்னால் மணல் மூட்டைகள். தொய்ந்த இடத்தில் அடிச்சட்டத்துக்கும் கூட்டுக்கும் நடுவே பழைய டயர் ரப்பரை வெட்டிச் செருகினார். கீலை இறக்கினார், ஏற்றினார். தகரத் துண்டு சிக்கும்போதெல்லாம் மறுபடி கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. பொழுது சாய்கிற நேரத்தில், பாரத்தோடேயே கதவு ஒற்றை விரலுக்குத் திறந்தது. செல்லசாமிக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. இக்னேசியஸ் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு விடியற்காலையில் பவுலினை ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். நோர்வூட்டுக்குக் கிட்டே, வளைவில் பஸ்ஸொன்று எதிரே வந்துவிட்டது. காரை ஓரத்து மண்திட்டுப் பக்கம் ஒடித்தார். தட்டித் தட்டி உருட்டிய இடது மட்கார்ட் நசுங்கும் சத்தம் கேட்டது.

"ஐயோ, என்னாங்க அது?"

"தகரந்தான். நீ கம்பியப் புடிச்சுக்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவர்களுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.