மணல் கக்கிய சிப்பிகள்

மாமனார் வாளிக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிப்பிகளுக்கு மூன்றாவது முறையாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆய்வுக்கூடத்துப் பெட்டி திறந்து கிடந்தது. வழக்கமாக அதை மூடி அவரே ஆய்வுக்கூட வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். அன்றைக்குத்தான் அவள் எடுத்துப்போக வந்திருந்தாள்.

"எதுக்கு மாமா தண்ணி மாத்துறீங்க?"

"ரெண்டு நாள் நல்ல உப்புத்தண்ணியில போட்டாத்தானேம்மா மணலையெல்லாம் கக்கும். மருமக வேலை பாக்குற இடத்துக்கு மண்ணோடவா குடுக்கிறது?"

"எப்பவுமே இப்படித்தான் குடுத்தீங்களா?"

"பின்ன?"

ஆய்வுக்கூடத்தில் அவள் தேடிக்கொண்டிருந்தது, தண்ணீரில் கரைந்த உலோகத்தை இழுத்து உடம்புக்குள் சேர்த்து வைக்கும் ஒருவகை பாக்டீரியாவை. பழைய முலாம் தொழிற்சாலையின் கழிவு கடலில் இன்னும் இருந்தால், அந்த பாக்டீரியா சிப்பியின் குடலில் மண்டிக் கிடக்கும். எட்டு மாதமாகத் தேடியும் கண்ணில் படவில்லை. கரை சுத்தம் என்ற அறிக்கை நாளை மறுநாள் போகிறது. அந்த நல்ல சேதியை முதலில் இந்த வீட்டில்தான் சொன்னாள்; மனிதர் அதைத் தெரு முழுக்கத் தமுக்கடித்திருந்தார். இப்போது பார்த்தால், மணலோடு குடலும் காலியான சிப்பிகளை வைத்துக்கொண்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் சோறு தேடியிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு போய்விடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் பூச்சி இருந்துட்டா?"

"கரையை மூடச் சொல்லித்தான் எழுதணும் மாமா."

நாற்பது வருடமாகச் சிப்பி அள்ளிப் பிழைக்கும் அவருக்கு அந்தக் கரையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்?" கெஞ்சலாக இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"யாருக்கும் தெரியாது. நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

அவர் எழுந்துபோய், காலையில் அள்ளி வந்த ஈரச் சாக்கை இழுத்து வந்தார். "எத்தனை வேணும்?"

"இருபது."

பெரிதாகப் பார்த்துப் பொறுக்கினார். முதல் சிப்பியின் மேலிருந்த சேற்றைக் கட்டைவிரல் தானாக வழிக்கப் போனது. பாதியில் நின்றது. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு சேறு சொட்டச் சொட்ட, அப்படியே பெட்டிக்குள் வைத்தார்.