சிலையின் முதுகுக்குள்

சொரூபத்தின் முதுகு கோறையாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. முன்னால் பார்த்தால் முழு மனிதர். தாடி, முழங்கால்வரை தூக்கிச் செருகிய அங்கி, தோளில் ஒரு குழந்தை. இடக்கை மட்டும் மணிக்கட்டோடு முறிந்துபோயிருந்தது. பின்னால் கை வைத்தபோதுதான் தெரிந்தது, தோணி குடைந்த மாதிரி உள்ளே வெட்டி எடுத்திருந்தார்கள். எங்களைக் கூட்டிவந்த இங்கர் மற்றப் பெண்களுக்கு மெழுகுதிரி வார்க்கிற அச்சைக் காட்டிக்கொண்டிருந்த நேரம், சட்டைக்குள் ஐந்து நாளாக வைத்திருந்த கடுதாசியை எடுத்து அந்தக் கோறைக்குள் கை எட்டுமட்டும் மேலே செருகினேன். எட்டாக மடித்துக் கறுப்பு நூலால் கட்டிய கடுதாசி. பிறகு அவருடைய காலைத் தொட்டு நெற்றியில் வைத்தேன். டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. அதுவும் பஸ் ஏறும்வரைதான், பிள்ளையள்.

அது 1986ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதக் கடைசி. நானும் பன்னிரண்டு வயது மகள் பற்றிமாவும் ஆடி மாதம் கிழக்கு பேர்லினுக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் டென்மார்க்கில் இறங்கினோம். ஹோர்சன்ஸிலிருந்து பஸ்ஸில் அரைமணித்தியாலம் தள்ளி, முந்தித் தாதிமார் தங்கின ஒரு கட்டடத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் எடுத்து எங்களைப் போன்றவர்களை வைத்திருந்தது. ஆளுக்கொரு நம்பர். சாப்பாட்டு வரிசையிலும் அந்த நம்பர்தான், பொலிஸ் அனுப்புகிற கடிதத்திலும் அந்த நம்பர்தான். இங்கர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கிழமைக்கு ஒருநாள் வந்து, அறைக்குள் கிடந்து அழுகிற பெண்களைக் கிளப்பிக்கொண்டு போவார். அவர் கூட்டிப்போன இடமெல்லாம் மியூசியம். பெரிய மியூசியம் இல்லை. பழைய பூட்டுகளின் திறப்புகள் மட்டும் நிறைந்த ஒரு வீடு, கோப்பி அரைக்கிற மெசின்கள் மட்டும் வைத்த ஒரு கடை அறை, செத்த பறவைகளுக்கு வைக்கோல் அடைத்து வைத்திருந்த ஒரு பள்ளிக்கூட மேல்மாடி. ஓரிடத்தில் பழைய பல்லுப் பிடுங்குகிற கதிரை, கைக்கும் காலுக்கும் தோல்வாரோடு. எங்களோடு வந்த ஒரு பிள்ளை அதைக் கண்டதும் வாசலிலேயே குந்திவிட்டாள். அவளுடைய புருஷன் ஆமிக்காம்பில் மூன்று மாதம் பிடிபட்டு இருந்தவர். இங்கருக்கு விளங்கவில்லை, தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். பேசாலையிலிருந்து வந்த மாக்கிரட் அக்காதான் எங்களைச் சிரிக்கவைப்பா. "இந்தச் சனத்துக்குக் குப்பை எறியத் தெரியாதடி. எறியாமல் வைச்சதுக்குப் பேர்தான் மியூசியம்."

அந்தக் கடைசி ஞாயிறு போனது கடல்வாய்க் கரையில் ஒரு சின்ன ஊருக்கு. முந்தித் தீயணைப்பு வண்டி நிறுத்தின கொட்டில் ஒன்றில் ஓலுஃப் என்ற வயதானவர் ஊர்ச் சாமான்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். நாற்பது வருஷம் தபால்கந்தோரில் பார்சல் கட்டினவராம். அந்தப் பழக்கம் போகவில்லை. செருப்பு, சாடி, நரித்தோல், ஒவ்வொன்றிலும் வெள்ளை நூலால் ஒரு நம்பர் அட்டை, ஒவ்வொரு முடிச்சும் ஒரே மாதிரி. வாசலில் அவருடைய மனைவி நீலக் கம்பளிச் சட்டையோடு கதிரையில் இருந்து ரிக்கற் கிழித்தா. எங்களுக்கு ஒரு பேணியைத் திறந்து பிஸ்கற் நீட்டினா. நான் வாங்கும்போது இரண்டு விழுந்துவிட்டன. ஏனென்றால் உள்ளே மூலையில் அந்தச் சொரூபத்தை நான் கண்டுவிட்டேன்.

கடுதாசியில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆடியில் பொலிஸ் விசாரித்தபோது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். நான் ஒரு விரலைக் காட்டினேன். எங்களை அனுப்பின ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்தது அது: இயக்கத்தில் மகன் இருக்கிறான் என்று வாய் திறந்தால் அடுத்த பிளேனில் திருப்பி ஏற்றுவார்கள். பற்றிமாவுக்கும் சொல்லிப் பழக்கியிருந்தேன், உனக்கு அண்ணா இல்லை என்று. அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினாள். என் மூத்தவன் அந்தோனிதாசன் 84 வைகாசியில் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுப் போனவன், பதினேழு வயது. பாஷையூர் அந்தோனியாருக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை. ஊரில் என்றால் செவ்வாய்க்கிழமை போய் அவர் காலடியில் எழுதி வைத்திருப்பேன். இங்கே நாங்கள் இருந்த ஊர்க் கோயிலில் வெறும் வெள்ளைச் சுவர்தான், சொரூபம் ஒன்றுமில்லை. அந்தோனியார் மாதிரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரை அந்தக் கொட்டிலில் கண்டதும், எனக்காகத்தான் வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். மகன் இயக்கத்தில் இருக்கிறான், உயிரோடு வைத்திரும், பொலிசிடம் அவன் இல்லையென்று சொல்லிவிட்டேன், அதை மன்னியும். இவ்வளவும் என் கையெழுத்தில்.

பஸ்ஸில் பற்றிமாதான் சொன்னாள். மூன்று மாதத்தில் அவள் இங்கரோடு டெனிஷில் கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

"அம்மா, இண்டைக்குத்தான் கடைசி நாளாம். இனி மே மாதம்தான் திறப்பினமாம்."

"ஏன் பூட்டினம்?"

"குளிருக்கு ஆக்கள் வராயினமாம். பூட்டிப்போட்டு அந்தத் தாத்தா ஒவ்வொண்டாய் இறக்கித் துடைச்சு, பூச்சி அரிச்ச இடத்துக்கு மருந்து பூசுவாராம். மரச்சாமான்தான் முதல்லையாம்."

பஸ் போய்க்கொண்டேயிருந்தது. இறங்கவேண்டும் என்று எந்தப் பாஷையில் சொல்வது? சொன்னாலும், ஏன் என்று கேட்டால்?

செவ்வாய்க்கிழமை பொலிசின் கடிதம் வந்தது. இரண்டாம் விசாரணை, நவம்பர் பன்னிரண்டு. அந்த மாதம்தான் சட்டத்தை இறுக்கினார்கள், ஆட்களைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று காம்ப் முழுக்க ஒரே கதை. நான் நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு முன்னால், கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி பிள்ளை, பேய் அடிச்ச மாதிரி நிக்கிறாய்?" என்றா மாக்கிரட் அக்கா.

சொன்னேன். கையிலிருந்த ஈரத்துணியை அவ அப்படியே கீழே விட்டா.

"பேர் எழுதினனியோ?"

"ஓம்."

"முழுப்பேரோ?"

"அந்தோனியாருக்கு எழுதேக்கை அரைப்பேரோ எழுதுறது? ஊர், காம்ப் நம்பர் எல்லாம் எழுதினனான்."

"நம்பர் என்னத்துக்கடி?"

"நான் இப்ப எங்கை இருக்கிறன் எண்டு அவருக்குத் தெரியவேணுமே."

மாக்கிரட் அக்கா நெஞ்சில் சிலுவை போட்டா. "தமிழை இங்கை ஆர் வாசிக்கப்போறான் எண்டு நினைச்சன். நம்பரைக் கண்டாலே காம்புக்குக் கொண்டுவந்து குடுப்பாங்களே. காம்பாலை பொலிசுக்கு. பொலிஸ் அந்த மொழிபெயர்ப்புப் பெடியன், பாலேந்திராவைக் கூப்பிட்டு இதென்னெண்டு கேக்கும். அவன் வாசிக்காமல் விடேலாது, அதுதான் அவன்ரை வேலை."

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பற்றிமா தலையை நிமிர்த்தவில்லை. "அது அந்தோனியார் இல்லை, அம்மா. அட்டையிலை கிறிஸ்தோஃபர் எண்டு கிடந்தது."

"நல்லாப் போச்சு," என்றா மாக்கிரட் அக்கா. "அவர் பஸ் றைவர்மாரின்ரை ஆள். கடுதாசியையும் ஆள் மாறிக் குடுத்திருக்கிறாய்." சிரிக்கப் பார்த்தா. வாய்தான் கோணியது.

அடுத்தநாள் நானும் மாக்கிரட் அக்காவும் பஸ் எடுத்துப் போனோம். கொட்டில் வாசலில் பூட்டு. பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் படிய முகத்தை வைத்துப் பார்த்தேன். மூலை வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரு நீள மேசை, அதில் பழைய பேப்பர் விரித்து, அவரைக் குப்புறக் கிடத்தியிருந்தார்கள். குழந்தையின் கன்னம் பேப்பரில் பட்டபடி. திறந்த முதுகு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நேரே ஒரு விளக்கு. உள்ளே கடுதாசி இருக்கிறதா இல்லையா என்று நான் நின்ற பக்கத்தால் தெரியவில்லை. ஓலுஃப் கையில் சின்னத் தூரிகையோடு மேசைக்கு வந்தார். குனிந்தார். பிறகு எங்களைக் கண்டார். அவர் கையை ஆட்டி உள்ளே வரச்சொன்னதுதான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் ஓடினோம். மாக்கிரட் அக்கா ஐம்பத்தாறு வயதில், ஒரு சப்பாத்துக் கழன்றது தெரியாமல், பஸ் தரிப்புவரைக்கும் ஓடினா. கள்ளர் என்று நினைத்திருப்பார். திரும்பிப் போய்ச் சப்பாத்தை எடுக்கக்கூட எங்களுக்குத் துணிவு வரவில்லை.

பன்னிரண்டாம் திகதி பொலிஸ் அறை சூடாக இருந்தது. என்னை விசாரித்தவர் கோப்பி ஊற்றித் தந்தார். சீனி வேணுமா என்று கேட்டார். ஊரில் கத்துகிறவர்களைத்தான் எனக்குப் பழக்கம், மெல்லக் கதைக்கிறவரைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது. பாலேந்திரா ஒரு ஓரத்தில் மடியில் கொப்பியோடு இருந்தான், முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்க்கவில்லை. கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு மண்ணிற என்வலப் கிடந்தது. நடுவில் தடித்திருந்தது. எட்டாக மடித்த கடுதாசி எவ்வளவு தடிப்போ, அவ்வளவு தடிப்பு. வந்த வழி, கப்பல், வீடு எரிந்தது, எல்லாம் திரும்பக் கேட்டார்கள். நான் என்வலப்புக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பாலேந்திரா கேட்டான், "அக்கா, உங்களுக்கு எத்தினை பிள்ளைகள் எண்டு கேக்கிறார்."

ஒன்று என்று சொன்னால் அவர் அந்த என்வலப்பைத் திறப்பார். இரண்டு என்று சொன்னால் ஆடியில் சொன்னது பொய் என்று எழுதுவார். பற்றிமா வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள், கதவுக் கண்ணாடியில் அவளுடைய பின்னல் தெரிந்தது. ஒன்று என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். கை மேசைக்கு மேலே வந்துவிட்டது. இரண்டு விரல்.

பாலேந்திரா வாய் திறக்கமுன்னமே அந்தப் பொலிஸ்காரர் என் கையைப் பார்த்துவிட்டார். பேனையைக் கீழே வைத்தார். பழைய தாள்களைப் புரட்டினார். பிறகு பேனையை எடுத்து நெடுநேரம் எழுதினார். அவர் எழுதி முடித்து அந்த என்வலப்பைத் திறந்தபோது எனக்கு இருமல் வந்தது. உள்ளே இருந்தவை காம்பில் எடுத்த படங்கள். எனது நாலு, பற்றிமாவினது நாலு, ஒரு மட்டையில் ஒட்டி.

நடைபாதையில் பாலேந்திரா எனக்குப் பின்னால் வந்தான். "ஏனக்கா இப்ப சொன்னீங்கள்? மாத்திச் சொன்னதெண்டு எழுதிப்போட்டார். அது நல்லதில்லை."

"தம்பி, உங்களிட்டை ஒரு கடுதாசி வந்ததோ? தமிழிலை?"

"என்ன கடுதாசி?" என்றான். அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவருக்குமே தெரியாது.

அந்த மாரி எப்படிப் போனது என்று கேட்காதேங்கோ. காலமை தபால் வருகிற நேரத்துக்கு நான் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வேன். நம்பர் கூப்பிட்டால் பற்றிமாதான் போய் எடுப்பாள். காம்பில் இரண்டு குடும்பத்துக்கு மறுத்துக் கடிதம் வந்தது. ஒரு குடும்பம் அறையில் சோறு பாதி அவிந்தபடி விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது. மாக்கிரட் அக்காவுக்கு மாசியில் விசா கிடைத்தது, மகனோடு இருக்கப் புரொண்பிக்குப் போனா. போகும்போது என் கையில் செபமாலையை வைத்து, "உன்னைத் திருப்பி அனுப்பினால் இதை எனக்குத் தபாலிலை போடு, போடாமல் விட்டால் நீ இங்கை இருக்கிறாய் எண்டு நினைப்பன்" என்றா. எங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. மகன் தாசனைப் பற்றியும் ஊரிலிருந்து ஒரு வரியும் இல்லை.

மே முதல் ஞாயிறு இங்கரோடு போனேன். கடுதாசியை எடுத்து, கடலில் கிழித்துப் போடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாசலில் ஓலுஃப் தானே ரிக்கற் கிழித்தார். மனைவியின் கதிரை அதே இடத்தில் இருந்தது. நீலக் கம்பளிச் சட்டை அதன் முதுகில் தொங்கியது. இங்கர் ஏதோ மெல்லக் கேட்டார், அவர் தலையை மட்டும் ஆட்டினார், மாரியில் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாவாம். பிறகு என்னைக் கண்டார். மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மாக்கிரட் அக்காவின் சப்பாத்து. துடைத்து, பொலிஷ் போட்டு, வெள்ளை நூலால் கட்டியிருந்தது. நான் வாங்கினேன். அவர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அங்கால் கண்ணாடி அலுமாரிப் பக்கம் போனார்.

சொரூபம் மூலையில் நின்றது, புதுசாகத் துடைத்த முகத்தோடு. பின்னால் கையை விட்டேன். மரம் குளிர்ந்தது. விரல் மேலே போய்க் கடுதாசியில் முட்டியது. எடுத்துப் பார்த்தேன். என்னுடையதுதான், எட்டு மடிப்பும் அதே மடிப்பு. ஆனால் கறுப்பு நூல் இல்லை. வெள்ளை நூல், தபால்கந்தோர் முடிச்சு. நம்பர் அட்டை இல்லை. அந்தக் கொட்டிலில் அட்டை இல்லாமல் நான் கண்ட ஒரே சாமான் அதுதான். கறுப்பு நூல் உள்ளே கிடக்குமோ என்ற பயத்தில் திரும்பக் கையை விட்டேன். உள்ளே இன்னொரு கடுதாசி இருந்தது. வெள்ளைத் தாள், அதுவும் எட்டாக மடித்தது, அதே முடிச்சு.

நான் அதை வெளியே எடுக்கவில்லை. என்னுடையதை அதற்குப் பக்கத்தில் மெல்லச் செருகினேன், இரண்டும் விழாமல் இறுகி நிற்கும்வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓலுஃப் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்து மினுங்கிய கண்ணாடியைத் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.