முன்வரிசையில் பல் இல்லாமல் ஒருவர்

1

இந்தக் கதை எப்படித் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அப்பா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. குடும்பத்தார் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். "நீதானே எழுதறவன், ஏதாவது எழுதிக் குடு" என்று அக்கா போனில் சொன்னாள். மூன்று நாவல் எழுதியவனிடம் 'ஏதாவது' கேட்கிறாளே என்று அவனுக்கு வருத்தம். அந்த ஏதாவதுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது.

(அவன், இவன் என்று வருவதெல்லாம் இதை எழுதுகிறவன்தான். 'நான்' என்று எழுதினால் பொய் சொல்ல வசதியாகிவிடுகிறது.)

2

முதல் தொடக்கம்: 'அப்பா ஓர் ஆலமரம். அவர் நிழலில்—'

இங்கே நின்றுபோனது. அப்பா ஐந்தடி இரண்டங்குலம். அந்த நிழலில் ஒருவர் ஒதுங்கினாலே நெருக்கடிதான்.

இரண்டாம் தொடக்கம்: 'பல்லாயிரம் புன்னகைகளைப் படைத்த—'

இது ஓரளவு உண்மை. அப்பா பல் செட் செய்பவர். டாக்டர்கள் அனுப்பும் ஈறு அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடைசியில் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றுவார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை ஜன்னல் அறை, மூக்கைத் துளைக்கும் ரசாயன வாடை, நாற்பது வருடம். யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் முதலில் பார்ப்பார். மகனின் முதல் நாவல் வந்தபோது பின்னட்டைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிற? பல்லு நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

அந்த நாவலுக்கு வந்த ஒரே விமர்சனம் அது.

3

சரி, நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தான். வீடே மனப்பாடமாக அறிந்த சம்பவம்.

அவன் மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளி நாடகத்தில் ராணி. நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "எல்லாரும் சிரிப்பாங்க, தாத்தா. ரெண்டே ரெண்டு பல்லு செஞ்சு குடுங்க" என்று காலைக் கட்டிக்கொண்டாள்.

"வளர்ற வாய்ல அதெல்லாம் வைக்கக் கூடாது, ராஜாத்தி" என்றார். தொழில் விஷயத்தில் பேத்திக்கும் சலுகை கிடையாது.

நாடகத்தன்று மாலை அவர்தான் அழைத்துப்போனார். மருமகளுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. ராணி மேடைக்குப் பின்னால் திரையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். தாத்தா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, மேலும் கீழும் இருந்த தன் இரண்டு செட்டையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன.

"இப்ப எனக்கு ஒண்ணுகூட இல்ல. என்னையே பாத்துப் பேஷு" என்றார்.

(ஓர் அடிக்குறிப்பு: அம்மாகூட அவரைப் பல் இல்லாமல் பார்த்ததில்லை. அரங்கில் பாதிப் பேர் அவர் செய்த பல்லோடு உட்கார்ந்திருந்தார்கள். தொழில்காரர், அவர்கள் நடுவே, முன்வரிசையில், வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.)

ராணி ஒரு வரி விடாமல் பேசினாள். 'பக்கத்து நாற்காலியில் மகன், கண்கள் பனிக்க, அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டான்.'

4

முந்தைய வரியை இப்போது பத்தொன்பது வயதாகும் மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அப்பா, நீங்க அங்க இல்லையே."

"கதைன்னா கொஞ்சம் முன்னபின்ன—"

"பக்கத்து சீட்டுல தாத்தா தன் பையை வச்சிருந்தாரு. ஒருத்தர் உக்கார வந்தாரு. கையை ஆட்டி, வேண்டாம், ஆள் வருதுன்னாரு. மேடையில இருந்து பாத்துக்கிட்டேதான் பேசினேன். கடைசி வரைக்கும் பை மட்டும்தான் இருந்துச்சு."

இது அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை அவன் யாரோ ஒருவருடைய புத்தக வெளியீட்டில், 'இலக்கியத்தில் உறவுகள்' என்ற தலைப்பில் ஐம்பது நிமிடம் பேசிக்கொண்டிருந்தான். வந்திருந்தவர்கள் பதினொரு பேர், மைக்காரரையும் சேர்த்து.

5

முடிவு ஒன்று: மகன் மூச்சிரைக்க ஓடிவந்து கடைசிக் காட்சியைப் பார்த்துவிடுகிறான். (அந்த வயதிலேயே அவனால் மாடிப்படிகூட ஏற முடியாது.)

முடிவு இரண்டு: மன்னிப்புக் கேட்கிறான். அப்பா அவன் தலையை வருடி— (வருடமாட்டார். வாயைத் திற என்பார்.)

நடந்தது: மறுநாள் காலை, முழுப் பல்லோடு, "கூட்டம் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்ல கூட்டம்ப்பா."

"அப்படியா, சந்தோஷம்" என்றவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

6

கையைப் பற்றிய வரியை அடித்துவிட்டு, நாற்காலியில் பையை வைத்தான். அது அவனைவிட நன்றாகப் பொருந்தியது.

மகள் போகாமல் நின்றாள். "அன்னைக்குப் பஸ்ல வரும்போது தாத்தா உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னாரு. சொல்லவா?"

அவன் கை தானாகப் பேனாவைத் தேடி எடுத்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"எழுதறதுக்குன்னா சொல்ல மாட்டேன்."

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அவள் சொன்னாள்.

அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால், அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இவனிடம் சொல்லிவிடாதீர்கள். எழுதிவிடுவான்.