அவன் ஒட்டிய இறக்கைகள்

…அதுவும் கோணல்மாணலாக ஒட்டித் தொலைத்திருந்தாலாவது ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருக்கலாம், இதுவோ மூன்றும் மூன்று பக்கம் அளவெடுத்த மாதிரி நிற்கின்றன, சாப்பாட்டு மேஜைக்கு நடுவில், அவளுடைய ராக்கெட், அவள் வெட்டிய அட்டைக் குழாய், அவள் மரத்தில் இழைத்த கூர்மூக்கு, அவள் பிளைவுட்டில் அறுத்து விளிம்பு தேய்த்த இறக்கைகள், ஒட்டியது மட்டும் அவன், கட்டிய புருஷன். கேட்டானா? ஒரு வார்த்தை கேட்டானா? நேற்று ஸ்கூல் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய், பஸ்ஸில் வாந்தி எடுத்ததையெல்லாம் கழுவி, பஸ்ஸை ஷெட்டில் விட்டு அவள் வீடு வந்து சேர்வதற்குள் வேலையை முடித்துத் துணியால் மூடி வைத்துவிட்டான், காலையில் காப்பியைக் கையில் கொடுத்து ‘கண்ண மூடு’ என்கிறான், துணியை உருவுகிறான், பெரிய மந்திரவாதி. அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். ‘நல்லாயிருக்குங்க’ என்று வேறு சொன்னாள். அந்த வாயை எதைக் கொண்டு தைப்பது? இப்போது அவன் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறான், அவள் மேஜை முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் மைதானத்தில் கொக்கு நிற்பார். மாதிரி ராக்கெட் விடுகிறவர்கள் சேர்ந்த கிளப்பில் சோதிக்கிற மனிதருக்கு எல்லோரும் வைத்த பெயர் அது, ஒற்றைக் காலில் சாய்ந்துகொண்டு கழுத்தை நீட்டித்தான் எதையும் பார்ப்பார். பெரிய மோட்டார், அதாவது ராக்கெட்டைத் தள்ளுகிற மருந்துக் குழல், ஏற்ற அனுமதி வேண்டுமென்றால் அவர் முன்னால் ஒரு ராக்கெட் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்க வேண்டும், அதற்கு முன்னால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார், ‘முழுசா உங்க கையால செஞ்சதுதானே?’ அவ்வளவுதான், மூக்கிலிருந்து வால் வரைக்கும் சொந்தக் கை, வேறு யார் கையாவது பட்டிருந்தால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தெரியும், இவனே சொல்லுவான், பக்கத்திலேயே வந்து நின்று, வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டு ‘எறக்கை மட்டும் நான் ஒட்டிக் குடுத்தேன் சார்’ என்று கொக்கிடமே சொல்லுவான், பாராட்டை எதிர்பார்த்து நிற்பான். இந்த மைதானம் அடுத்தபடி கிடைக்க மழைக்காலம் தாண்ட வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டான். உடைத்துவிட்டுப் பாட்டு வேறு.

இது இன்றைக்கு நேற்று நடக்கிற கதையா? கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றாள், பயிற்சிக்காரர் இருக்கும்போதே பின்சீட்டிலிருந்து ‘பிரேக்கு, பிரேக்கு’ என்று அவன் காலால் தரையை மிதித்தான். பஸ் வேலைக்கு நேர்காணல் என்றாள், வாசலில் குடையோடு நின்றான். வேலை கிடைத்ததும் தெருவெல்லாம் போய் ‘நாங்க செலக்ட் ஆயிட்டோம்’ என்றான். நாங்களாம்! நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடிப்பது யார்? அக்காவிடம் ஒருநாள் சொல்லி அழலாம் என்று போனாள், அக்கா முழுதாகக் கேட்கக்கூட இல்லை, ‘ஒனக்கென்னடி, தங்கமான மனுஷன், எங்க வீட்டுக்காரரு தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டாரு’ என்று அவளையே ஒரு பிடி பிடித்தாள். ஊசி தங்கம் என்றால் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா? அதை யாரிடம் கேட்பது? அடிக்கிறவன் என்றால் அழலாம், குடிக்கிறவன் என்றால் நாலு பேரைக் கூட்டலாம், உதவி செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது… இந்த ராக்கெட் வேலை ஒன்றுதான் அவன் பக்கம் வராமல் இருந்தது, உனக்கு எதுக்கும்மா இந்த வெடி சாமான் என்று ஒதுங்கியே இருந்தான், அந்த ஒதுக்கம் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

பிடுங்கிவிட்டால்? பிடுங்கிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சீக்கிரம் காய்கிற பசையில் அவளே ஒட்டினால் மத்தியானத்துக்குள் இறுகிவிடும். பிடுங்க வருமா? வரும், வராமல் என்ன. அவனுக்கு என்ன தெரியும், கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிறவன், இந்தக் குழாய்க்கு மேலே வழவழவென்று ஒரு மேல்தாள் இருக்கிறது, கோடு போட்ட இடத்தில் அதைச் சொரசொரப்பாகத் தேய்க்காமல் ஒட்டினால் பசை அந்தத் தாளைத்தான் பிடிக்கும், குழாயைப் பிடிக்காது, ஏறும்போது காற்று அடிக்கிற அடியில் இறக்கை தனியாகக் கழன்று பறக்கும். கோடு போட்டு வைத்தது அவள், கதவு நிலையின் மூலையில் குழாயைச் சாய்த்து நேர்கோடு இழுத்து வைத்திருந்தாள், தேய்ப்பதை இன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அவன் தேய்த்திருக்க மாட்டான். சத்தியமாகத் தேய்த்திருக்க மாட்டான். அவசரக் குடுக்கை, பசையைப் பிதுக்கி அப்பியிருப்பான். ஓர் இறக்கையைக் கட்டைவிரலால் தள்ளினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள், அசையவில்லை, குழாயை இடுப்போடு அணைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒரே திருகு… சடக்கென்று வந்தது. ஹா, சொன்னேனா இல்லையா என்று மனசு துள்ளிய துள்ளல், அப்புறம்தான் பார்த்தாள். குழாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பசை விடவே இல்லை, அட்டைதான் கிழிந்து இறக்கையோடு வந்திருக்கிறது. மற்ற இரண்டின் ஓரத்தில் குனிந்து பார்த்தாள், பசைக்கு வெளியே மெல்லிசாகக் குறுக்கும் நெடுக்குமாக உப்புத்தாள் கீறல். தேய்த்திருக்கிறான், படுபாவி. முந்தின சின்ன ராக்கெட்டுகளுக்கு அவள் தேய்த்ததை எப்போது பார்த்தான்? ஒதுங்கி இருந்தவன் எங்கே நின்று பார்த்தான்? இனி ஒட்டுவதற்குக் குழாயே இல்லை, இன்றைக்குக் கொக்கும் இல்லை, அனுமதியும் இல்லை, இந்தத் தடவை உடைத்தது அவள் கை, முழுக்க அவள் கை.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவன் வந்து நின்றான், அவளையும் ஓட்டையையும் பார்த்தான். ‘என்னாச்சு, ஒட்டலையா?’ சொல்லிவிடு, நான்தான் பிடுங்கினேன் என்று சொல்லிவிடு, ஏன் பிடுங்கினாய் என்று கேட்பான், அதற்கும் சொல்லு, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, வாய் வேறு எதையோ எடுத்தது. ‘மேல்தாளைத் தேய்க்காம ஒட்டிட்டீங்க. கைய வெச்சேன், வந்திடுச்சு.’ அவன் இறக்கையைக் கையில் வாங்கினான். வெளிச்சத்தில் திருப்பினான், அவன் கண்ணுக்கு ஒரு மயிரிழை கீறல் தப்பாது, அடியில் ஒட்டிக்கொண்டு வந்த அட்டையை விரலால் தடவினான், கீறல்களின் மேல் விரல் ஒரு நொடி நின்றது. ‘ஆமால்ல,’ என்றான். ‘மறந்துட்டேன் போலருக்கு. என் தப்புதான், விடும்மா.’ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். ஒரு பொய், இந்த வீட்டில் அவளாகச் சொன்ன ஒரே ஒரு பொய், அதற்கும் அவனே முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறான்! அவனுக்குத் தெரியும், பார்த்தவுடனே தெரிந்துவிட்டது… அப்படியென்றால் காலையில் அவள் நல்லாயிருக்குங்க என்று சிரித்தபோதும் தெரிந்திருக்குமோ? குடையோடு வாசலில் நின்றபோது, நாங்க செலக்ட் ஆயிட்டோம் என்றபோது, அவள் சிரித்த சிரிப்பெல்லாம் என்ன சிரிப்பு என்று தெரிந்துகொண்டேதானா இத்தனை வருஷமும்…