விற்றதாகச் சொன்னவன்

ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டும் அவனுக்கு நல்ல பெயர்தான். வண்டியில் ஒரு கீறல் விழாது. கடைக்காரர்களோடு வாய்த்தகராறு கிடையாது. அப்படிப்பட்டவன் வண்டியில் கொஞ்ச நாளாகச் சரக்கு குறைந்தது. பன் பாக்கெட், கேக், சில நாள் ஒரு தட்டு முழுவதுமே. புகார் வந்ததும் முதலாளி அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே விற்றாயா என்று கேட்டார்.

"ஆமா முதலாளி" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அது பொய். உண்மையைச் சொல்வதைவிடத் திருடன் என்ற பெயரே தேவலை என்று அவனுக்குப் பட்டது.

முதலாளி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, கூப்பிடும்வரை வரவேண்டாம் என்றார். அவன் வீடு சேர்வதற்குள் செய்தி போனில் மனைவிக்கு எட்டிவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அன்று அவளுக்கு விடுமுறை. எதற்கு விற்றீர்கள், யாருக்காக என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் முகம் வெளிறியது.

"இன்னொரு குடும்பம் இருக்கா? இருந்தா சொல்லிடுங்க."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. "யாருக்கும் விக்கல. நான்தான் தின்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அவன் அரைவயிற்றோடு எழுந்துவிடுகிறவன். "கோழி கொத்துற மாதிரி கொத்துறீங்களே மச்சான்" என்று அவள் தம்பி கேலி செய்வான். அந்த மனுஷன் ஒரு தட்டு பன்னையா தின்பான்? ஆனால் அவன் காது மடல்வரை சிவந்து சுவரைப் பார்த்து நின்றதைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கிடங்குக்குப் பின்னால் வண்டியை நிறுத்துவானாம். பின்கதவை உள்ளே இருந்து சாத்திக்கொள்வானாம். ருசிகூடத் தெரியாதாம், மென்றும் மெல்லாமலும் விழுங்குவானாம். அப்புறம் உறைகளை இருக்கைக்கு அடியில் திணித்துவிட்டு, சட்டையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு அழுவானாம். மறுநாள் தண்டனை மாதிரிப் பட்டினி கிடப்பான். சாயங்காலம் மறுபடியும் அதே இடத்தில் வண்டி நிற்கும்.

"அவ்வளவு பசியா?"

"பசியே இல்ல. வயிறு வலிக்குது, அப்பவும் கை நிக்கல."

அவள் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு, டாக்டரிடம் போகலாம் என்றாள்.

"போய் என்னன்னு சொல்றது? தின்னிப்பண்டாரம்னு சீட்டு எழுதித் தருவாங்களா?"

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றான். அதனால் பஸ் மாறிப் போய், யாருக்கும் அவர்களைத் தெரியாத ஒரு கிளினிக்கில் உட்கார்ந்தார்கள். அங்கும் அவன் மூலை நாற்காலியாகப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே டாக்டரம்மா அவசரப்படவில்லை. தனியாக இருக்கும்போதுதான் சாப்பிடுகிறீர்களா, நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, பிறகு உங்கள் மேலேயே வெறுப்பு வருகிறதா, வாந்தி எடுப்பதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு மட்டும் இல்லையென்று தலையாட்டினான். மற்றதெல்லாம், வண்டியின் பின்கதவு இடுக்கு வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் கூசியது.

"உங்கள மாதிரி நிறைய பேர் வர்றாங்க, ஆம்பளைங்களும்தான். இது தீனி ஆசை இல்ல, ஒரு நோய். குணப்படுத்தலாம்" என்றார் அவர். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். மனநலம் என்றதும் அவன் எழுந்துவிட்டான். மனைவி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அந்த மனநல மருத்துவர் முதலில் நிறுத்தச் சொன்னது பன்னை அல்ல, பட்டினியை. வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுவும் மனைவியோடு உட்கார்ந்து. வாராவாரம் வந்து பேச வேண்டும். எதிரே ஒருத்தி பார்த்திருக்க முழுத் தட்டையும் காலி செய்வது ஆரம்பத்தில் அவனுக்குத் துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது.

முதலாளியிடம் உண்மையைச் சொல்ல அவனே போனான். அவர் நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் காகிதங்களைப் புரட்டினார். அப்புறம், மாவு மூட்டை வண்டியை ஓட்டு, ரொட்டி வண்டி வேண்டாம் என்றார். விஷயம் எப்படியோ கசிந்து, மூட்டை ஏற்றுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் 'பன்னு' என்றார்கள். கேட்காதவன்போல வண்டிக் கதவைப் பூட்டினான்.

இரண்டு மாதம் தாண்டி ஒரு சாயங்காலம், வழியில் ஒரு கடையில் பன்னும் கேக்குமாக வாங்கித் தெருமுனையில் நின்றே எல்லாவற்றையும் தின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னைக்கு மறுபடியும்" என்றான். அவள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்றாள்.

அந்த வாரம் போய்ச் சொன்னான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொன்னான்.