திறப்பு விழாவுக்கு நாற்காலி

அப்பாவின் தலைமாட்டு விளக்குக்குப் பூவிழி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பந்தல்காரர் வேணுகோபால் வாசலில் வந்து தலையைச் சொறிந்தார்.

“தப்பா நெனைக்காத பாப்பா. எடுத்த ஒடனே நாற்காலியெல்லாம் வேன்ல ஏத்திக்கிறேன். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரித் தொறப்பு விழா. மந்திரி வராரு.”

“எடுத்துக்கங்க மாமா.”

அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் நேற்றுப் பகலில் அப்பா செத்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாதி ஆயுளைத் தொலைத்தவர் அரியமுத்து. மூச்சு முட்டும்போதெல்லாம் ஆஸ்பத்திரியின் பழைய ஓட்டுக் கட்டடத்துக்குப் போவார். நர்ஸ் லீலாவதி ஆக்சிஜன் வைப்பார். சாயங்காலம் அப்பா நடந்தே வீடு திரும்புவார். அதைத் தரம் உயர்த்துகிறோம் என்று அரசாங்கம் பக்கத்திலேயே மாடிக் கட்டடம் கட்டியது. சிலிண்டர், கட்டில், மருந்து எல்லாம் போன வாரமே அங்கே போய்விட்டன. மந்திரி ரிப்பன் வெட்டும்வரை திறக்கக் கூடாதென்று பூட்டி, சாவியையும் மேலதிகாரி கொண்டுபோய்விட்டார். அதுவரைக்கும் ஊர்க்காரர்கள் நோயைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

“அரியலூர் போற வரைக்கும் தாங்காதும்மா. சாவிக்குப் போன் போட்டிருக்கேன், வந்துரும்,” என்று நேற்று லீலாவதி அழுதார்.

புதுக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடி வழியே உள்ளே சிலிண்டர் தெரிந்தது. பூவிழி ஒரு கருங்கல்லை எடுத்து ஓங்கினாள்.

படியில் சாய்ந்திருந்த அப்பா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“வேணாம் பூவு... நம்மூருக்குன்னு கட்டுனது... ஒடச்சிராத.”

அவள் கல்லைக் கீழே வைத்தாள். சாவி வந்தபோது அது அப்பாவுக்குத் தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுபோல் இதற்கும் ஏன் தலையாட்டினோம் என்று நேற்றிலிருந்து அவளுக்கு நெஞ்சு எரிகிறது.

மத்தியானம் பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்று திரும்பினார்கள். வேணுகோபால் நாற்காலிகளை வேனில் அடுக்கினார். ஒன்றை மட்டும் தொடவில்லை. அப்பாவை உட்கார வைத்துக் குளிப்பாட்டிய நாற்காலி. இன்னும் ஈரமாக இருந்தது.

“அது கெடக்கட்டும்மா. அப்பறமா எடுத்துக்கறேன்.”

“இதையும் கொண்டுபோங்க மாமா. ஒண்ணு கொறஞ்சா யாராச்சும் வெளிய நிக்கணும்ல.”

முந்தானையால் துடைத்து அவளே தூக்கி மேலே வைத்தாள். வேன் ஆஸ்பத்திரித் தெருவுக்குத் திரும்பியது. நாற்காலிக் காலிலிருந்து சொட்டிய தண்ணீர் கொஞ்ச தூரம்வரை மண்ணில் தெரிந்தது.